இடியும் ஊழும்: மலைநாட்டுத் தொலைபேசியை முன்வைத்து

இடி மின்னல் வேளையில் கம்பித் தொலைபேசியைக் கையில் எடுக்கலாமா என்ற கேள்விக்குப் பொறியியல் ஒரே சொல்லில் விடை சொல்லிவிடும்: கூடாது. அந்த விடையை ஏற்பதில் பலருக்கு இருக்கும் தயக்கம் பொறியியல் சார்ந்ததன்று. ஆயுசு கெட்டியாக இருந்தால் இடி விழுந்தாலும் பிழைக்கலாம், விதி முடிந்தால் கட்டிலில் படுத்திருந்தாலும் போய்ச் சேர வேண்டியதுதான் என்பது தமிழ்நாட்டில் எல்லாச் சமயத்தார் வாயிலும் வரும் பேச்சு. அது சரியென்றால் தொலைபேசியின் பிளக்கைக் கழற்றி வைப்பதும் எர்த் கம்பி இறக்குவதும் வீண் வேலை. தவறென்றால், ஊழை நம்பச் சொன்ன நூல்களே முன்னெச்சரிக்கை பற்றி என்ன சொல்கின்றன என்று பார்த்தாக வேண்டும்.

இந்தக் கேள்விக்கு நீலகிரி நல்ல உரைகல். தொட்டபெட்டா 2,637 மீட்டர், ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர், குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரம். ஏப்ரல், மே மாதக் கோடை மழையும், அக்டோபர், நவம்பரில் குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளைப் பிடிக்கும் வடகிழக்குப் பருவமழையும் இடியோடு வருபவை. தேயிலைத் தோட்டத்தில் மேனேஜர் பங்களா பெரும்பாலும் மேட்டின்மேல் இருக்கும். தொழிற்சாலை பள்ளத்தில், ஓடையை ஒட்டி இருக்கும். ஆஸ்பத்திரியும் தொழிலாளர்களின் லைன் வீடுகளும் இடையில் சிதறிக் கிடக்கும். இவற்றை இணைக்கும் தொலைபேசிக் கம்பி தேயிலைச் செடிகளுக்கு மேலாக, சில்வர் ஓக் மரங்களுக்கு இடையே, கம்பம் கம்பமாக நெடுந்தூரம் ஓடி வரும். மின்னலுக்கு இதைவிட வசதியான பாதை அமையாது.

ஆனாலும் கம்பித் தொலைபேசியை மலை எளிதில் கைவிடவில்லை. பள்ளத்தாக்குகளில் செல்போன் சிக்னல் சரியாக எட்டாது. காற்றில் மரம் சாய்ந்து இ.பி. லைன் அறுந்தால், கொஞ்ச நேரத்தில் டவரின் பேட்டரியும் தீர்ந்துவிடும். செம்புக் கம்பித் தொலைபேசிக்கு வீட்டு மின்சாரம் வேண்டியதில்லை. தொலைபேசி நிலையத்திலுள்ள பேட்டரியே அதற்குப் போதும். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டி, மாவட்டமெங்கும் மண் சரிந்து, 40-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அத்தகைய இரவில் உதவிக்கு அழைக்கும் வழி திறந்திருப்பது உயிர் காக்கும் காரியம். எந்தப் புயலில் இந்தக் கருவி மிகவும் தேவைப்படுகிறதோ, அதே புயலில்தான் அது ஆபத்தானதாகவும் ஆகிறது. அதைக் கையாள்வது அறம் சார்ந்த கேள்வியாவது இதனால்தான்.

கம்பியில் வருவது என்ன

தொலைபேசி நிலையத்திலிருந்து வீட்டுக்கு வருவது ஒரு ஜோடி செம்புக் கம்பி. அதில் எந்நேரமும் சுமார் 48 வோல்ட் நேர்த்திசை மின்னழுத்தம் இருக்கும். ரிசீவரை எடுத்ததும் அது பத்து வோல்ட் அளவுக்கு இறங்கி, சில பத்து மில்லி ஆம்பியர் மின்னோட்டம் ஓடத் தொடங்கும். பேச்சு அதன்மேல் ஏறிச் செல்லும். அழைப்பு வரும்போது 75 வோல்ட் அளவிலான மாறுமின்னோட்டம் மணியை அடிக்கும். உலர்ந்த விரலுக்கு 48 வோல்ட் உறைக்காது. ஈரக்கையால் கம்பி முனையைப் பிடித்திருக்கும் நேரத்தில் மணி அடித்தால் கை உதறும்.

ஆளைக் கொல்லும் ஆபத்து நிலையத்திலிருந்து வருவதில்லை. வழியில் வந்து சேருகிறது. அதில் முதலாவது மின்னல். ஒரு வீச்சில் 30,000 ஆம்பியர் அளவு மின்னோட்டம் பாய்வது சாதாரணம். அது கம்பத்தின்மேலேயே விழ வேண்டும் என்பதில்லை. பக்கத்துச் சில்வர் ஓக்கில் விழுந்தாலும் தொலைபேசிக் கம்பியில் ஆயிரக்கணக்கான வோல்ட் தூண்டப்படும். மரத்தடி மண்ணின் மின்னழுத்தமும் அந்தக் கணத்தில் எகிறும். தொலைபேசிக் கம்பியோ, மைல்களுக்கு அப்பாலுள்ள நிலையத்தின் எர்த்தோடு இணைந்தது; இங்கே மண்ணில் ஏறிய அழுத்தம் அதில் இராது. ஈரச் சிமென்ட் தரையில் நின்றபடி ஒருவர் ரிசீவரைக் காதில் வைத்திருந்தால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அவர் தலை வழியாகத்தான் ஈடாகும். தொலைபேசி வழியே மின்னல் தாக்கிச் செவிப்பறை கிழிந்தவர்கள், தீக்காயம் பட்டவர்கள், காதிரைச்சல் நீங்காதவர்கள் பற்றி ஆஸ்திரேலிய மருத்துவர்களும் பொறியாளர்களும் 1980-களிலேயே எழுதியிருக்கிறார்கள்.

இரண்டாவது ஆபத்து, இ.பி. லைன் அறுந்து தொலைபேசிக் கம்பியின்மேல் விழுவது. கற்பூர மரமும் சீகை மரமும் சாயும் காற்றில் இது மின்னலைவிட எளிதாக நேரும். மூன்றாவது ஓசை. கம்பியில் திடீரென ஏறும் அழுத்தம் ரிசீவரில் வெடிச்சத்தமாக வந்து காதைத் தாக்கும். இதைத் தடுக்கவே தரமான கருவிகளில் ரிசீவரின் குறுக்கே, அழுத்தம் ஏறினால் மின்னோட்டத்தைத் திருப்பிவிடும் சிறு உறுப்பு ஒன்று வைக்கப்படுகிறது.

நிறுவும் முறை

கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் டிராப் வயர் மின்கம்பிக்கு எட்டத்தில் வர வேண்டும். மின்சார வயர் போகும் குழாயில் இதையும் சேர்த்து இழுப்பது, தகரக் கூரையில் உரசவிடுவது, மரக்கிளையில் கட்டிவிடுவது ஆகிய மூன்றும் கூடாதவை. சுவருக்குள் நுழையும் துளைக்குக் கீழே கம்பியை ஒரு வளைவாகத் தொங்கவிட்டு, பிறகு மேலேற்றி நுழைக்க வேண்டும். மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், உள்ளே ஏறாது.

நுழையும் இடத்தில் காப்புக் கருவி வேண்டும். அதனுள்ளே இருப்பது வாயு நிரப்பிய சிறு குழல். பேச்சுக்கும் மணிக்கும் வேண்டிய அழுத்தத்தில் அது சும்மா இருக்கும். சுமார் 230 வோல்ட்டைத் தாண்டினால் உள்ளே பொறி பறந்து, வந்த மின்னோட்டத்தை எர்த்துக்குத் திருப்பிவிடும். நிலையத்தில் ஒவ்வொரு இணைப்புக்கும் இது உண்டு. ஆனால் நிலையத்தில் இருப்பது நிலையத்தைக் காக்கும். நெடுங்கம்பியின் மறுமுனையிலுள்ள பங்களாவைக் காக்க அங்கேயும் ஒன்று வேண்டும்.

குழலின் பயன் எர்த்தைப் பொறுத்தது. நீலகிரி சார்னோக்கைட் என்னும் கடும்பாறையால் ஆன மலை. பாறை மேலே வந்த இடங்களில் எர்த் கம்பி ஆழமாக இறங்காது. இறங்கினாலும் ஜனவரி முதல் மார்ச் வரை மண் காய்ந்து மின் தடை கூடிவிடும். ஆகவே கம்பியை ஈரம் தங்கும் ஆழ்மண் உள்ள பக்கத்தில் இறக்க வேண்டும். ஒன்று போதாவிட்டால் இரண்டு, மூன்றை இறக்கி இணைக்க வேண்டும். காப்புக் கருவியிலிருந்து எர்த்துக்குப் போகும் கம்பி குட்டையாகவும் நேராகவும் இருக்க வேண்டும். தொலைபேசி எர்த்தும் வீட்டு மின்சார எர்த்தும் ஒன்றோடொன்று இணைந்திருப்பது முக்கியம். தனித்தனியே விட்டால் மின்னல் விழும் கணத்தில் இரண்டுக்கும் இடையே பெரும் அழுத்த வேறுபாடு எழும். தொலைபேசியையும் மின்விளக்கின் சுவிட்சையும் ஒரே நேரத்தில் தொட்டவர் அதன் நடுவில் அகப்படுவார்.

உள்ளே கம்பி முடியும் இடம் ரோசெட் என்னும் சிறு பெட்டி. பனியும் மேகமும் வீட்டுக்குள் நுழையும் ஊரில் இதைக் குளிர்ந்த வெளிச்சுவரில் பதிக்கக் கூடாது. பதித்த பெட்டியை ஈராண்டு கழித்துத் திறந்தால் திருகாணியைச் சுற்றிச் செம்பு பச்சை பூத்திருக்கும். அந்தப் பச்சைதான் பேசும்போது கரகரப்பாகக் கேட்பது. உட்சுவரில், குழாயும் கைகழுவும் தொட்டியும் எட்டாத இடத்தில் பெட்டி இருக்க வேண்டும். பெட்டிக்குள் கை வைப்பதற்கு முன், கம்பியை வெளிப்பக்கத்தில் கழற்ற வேண்டும். முடியாவிட்டால் அதே இணைப்பின் வேறொரு கருவியில் ரிசீவரை எடுத்து வைக்க வேண்டும். அப்போது மணி அடிக்காது. இடியுள்ள நாளில் இந்த வேலையையே தொடக் கூடாது. கருவிக்குச் செல்லும் வயர் நடைவழியில் கிடக்கக் கூடாது. காலில் சிக்கி விழும் முதியவர்களுக்கு மின்னலைவிட அதுவே கிட்டத்திலுள்ள ஆபத்து.

பயன்படுத்தும் முறை

இடிமேகம் கூடுவதற்கு முன்பே பிளக்கைக் கழற்றுவது முறை. இடி தொடங்கிய பிறகு கழற்றப் போவதும் கம்பியைத் தொடுவதே. ஒளிக்கும் ஒலிக்கும் இடையே மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று தூரத்தைக் கணக்கிடலாம். மின்னல் மேகத்திலிருந்து பத்துக் கிலோமீட்டர் தள்ளியும் விழக்கூடியது. மலையில் இந்தக் கணக்கை முழுதாக நம்ப முடியாது. மூடுபனி ஒளியை மறைக்கும். முகடுகள் ஒலியைத் தடுக்கும் அல்லது எதிரொலித்துக் குழப்பும். ஆகையால் இடி காதில் விழுந்தாலே கம்பித் தொலைபேசியை விட்டு விலகி, கடைசி இடிக்குப் பிறகு அரைமணி நேரம் காத்திருப்பது நல்லது. கார்ட்லெஸ் கைக்கருவிக்கும் சார்ஜரில் மாட்டாத செல்போனுக்கும் இந்த ஆபத்து இல்லை. ஆனால் கார்ட்லெஸின் அடிப்பெட்டி கம்பியில்தான் இருக்கிறது. அதைத் தொடக் கூடாது. சமையல் கேஸ் கசியும் வீட்டில் எந்தத் தொலைபேசியையும் பயன்படுத்தாமல், வெளியே வந்து, தள்ளிப்போய்த்தான் அழைக்க வேண்டும். கருவிக்குள் எழும் சிறு பொறியும் தீப்பற்றப் போதும்.

ஊழ் என்ன சொல்கிறது

இத்தனையும் செய்வது இறைவன்மீதோ ஊழின்மீதோ நம்பிக்கை இல்லாததைக் காட்டுமா என்பதே அடுத்த கேள்வி. அந்த ஐயம் மேற்கிலும் எழுந்தது. பெஞ்சமின் பிராங்க்ளினின் இடிதாங்கி பரவிய காலத்தில், 1755-இல் பாஸ்டனை உலுக்கிய நிலநடுக்கத்துக்கு அந்நகரின் இடிதாங்கிகள் காரணமாக இருக்கலாம் என்று தாமஸ் பிரின்ஸ் என்ற போதகர் எழுதினார். வானத்திலிருந்து தப்பியவன் மண்ணிலிருந்து தப்ப முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம். ஹார்வர்டு பேராசிரியர் ஜான் வின்த்ரப் அதை மறுத்தார்.

தமிழ்நாட்டில் எதிர்ப்பு அவ்வடிவில் எழவில்லை. இடி இடித்தால் அர்ச்சுனன் பெயரைச் சொல்வது இங்கே வழக்கம். அர்ச்சுனன் இந்திரன் மகன்; இடி இந்திரனின் படைக்கலம். மகாபாரதத்தின் விராட பருவத்தில் அவன் உத்தரனுக்குச் சொல்லும் பத்துப் பெயர்கள் அச்சம் நீக்கும் மந்திரமாயின. இந்த வழக்கத்துக்குள்ளேயே ஒரு விடை இருக்கிறது. விழுவது விழட்டும் என்று சும்மா இருப்பவர் பெயர் சொல்ல மாட்டார். பெயர் சொல்பவர், காப்பு தேடுவது தகும் என்று ஏற்கெனவே ஒப்புக்கொண்டவர். எர்த் கம்பியைக் குறைகூற அவருக்கு வழியில்லை.

எல்லாம் முன்பே முடிந்தது என்று முழுமையாகச் சொன்னவர்கள் ஆசீவகர். அவர்கள் கொள்கையை மணிமேகலை எடுத்துரைக்கிறது. சமண நூலான நீலகேசி தனிச் சருக்கமே வைத்து மறுக்கிறது. அந்தச் சமயம் தமிழ்நாட்டில் நிலைக்கவில்லை. நிலைத்த சமயங்கள் ஊழையும் முயற்சியையும் சேர்த்தே வைத்தன. திருக்குறளில் ஊழைவிட வலியது இல்லை என்று 38-ஆம் அதிகாரம் முடிகிறது. தளராமல் முயல்பவர் அந்த ஊழையும் புறங்காண்பர் என்று 62-ஆம் அதிகாரம் முடிகிறது. இதை முரண் என்பவர்கள் அவை நிற்கும் இடத்தைக் கவனிப்பதில்லை. ஊழ் அதிகாரம் அறத்துப்பாலில், துறவு பற்றிய பேச்சை அடுத்து வருகிறது. ஆள்வினையுடைமை பொருட்பாலில், அரசியலில் வருகிறது. தனக்கு நேர்ந்ததைத் தாங்கிக்கொள்ள ஊழ். பிறருக்குப் பொறுப்பேற்றவன் செய்ய வேண்டியது முயற்சி என்று அந்த வைப்புமுறையைப் படிக்கலாம்.

சைவ சித்தாந்தம் இதையே இன்னும் நுட்பமாகப் பிரிக்கிறது. வினை மூவகை: சேர்ந்து கிடப்பது சஞ்சிதம், இப்பிறவியில் நுகர்வது பிராரத்தம், நுகரும்போதே புதிதாக ஏறுவது ஆகாமியம். எர்த் இல்லாத தொலைபேசியால் ஒருவர் இறந்தால், அந்த இறப்பு அவருடைய பிராரத்தம் என்று சொல்லலாம். ஆனால் எர்த் போடாமல் விட்டவரின் செயல் அவருக்கு ஆகாமியம். இறந்தவரின் கணக்கில் எழுதிய ஒன்றைக் காட்டி விட்டவரின் கணக்கைத் தீர்க்க முடியாது. வினைக்கொள்கையைக் கவனக்குறைவுக்குச் சாக்காக்குவதை வினைக்கொள்கையே மறுத்துவிடுகிறது.

சிலப்பதிகாரத்தில் இது கதையாகவே நிற்கிறது. ஊழ்வினை விடாது வந்து பற்றும் என்பது அக்காப்பியம் நாட்ட வந்த உண்மைகளுள் ஒன்று. கோவலன் கொலையுண்டதற்கு முற்பிறவிக் காரணமும் அதில் சொல்லப்படுகிறது. ஆனாலும் கண்ணகி உடைத்த சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்ததும், பாண்டியன் கோவலனின் விதியைக் காட்டித் தப்பவில்லை. குற்றம் தன்னுடையதே என்று ஏற்று அரியணையிலேயே உயிர் விட்டான். ஊழை முழுதாக நம்பும் நூல், தீர்ப்புச் சொன்னவன் அதன் பின்னே ஒளிவதற்கு இடம் தரவில்லை.

மலையிலுள்ள மற்றச் சமயத்தாருக்கும் நிலை வேறன்று. கோயில் உச்சியிலிருந்து குதித்தால் தேவதூதர் தாங்குவார்கள் என்ற தூண்டுதலை இயேசு மறுத்ததாக நற்செய்தி கூறுகிறது. தானே ஆபத்தை வரவழைத்துக்கொண்டு இறைவன் காப்பாற்றட்டும் என்பது நம்பிக்கையன்று, சோதனை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்பும்படி நபிகள் நாயகம் சொன்னதாக வரும் அறிவுரையும் இதே பக்கம்தான் நிற்கிறது.

அடுத்தவர் கையிலுள்ள ரிசீவர்

தொலைபேசியில் எப்போதும் இருவர் உண்டு. அதனால் இக்கேள்வியில் ஒருவரின் நம்பிக்கை மட்டும் பேச முடியாது. மாலையில் இலை எடை முடிந்திருக்கும், வானம் கறுத்திருக்கும். அன்றைய இலை எத்தனை கிலோ என்று கேட்கப் பங்களாவிலிருந்து மேனேஜர் தொழிற்சாலை அலுவலகத்தை அழைப்பார். அவர் கையில் இருப்பது செல்போனாக இருக்கலாம். மறுமுனையில் ஈரச் சாக்குகளுக்கு நடுவே நிற்கும் கிளார்க் எடுப்பது மேசைமேலுள்ள கம்பித் தொலைபேசி. மேனேஜர் துரையின் அழைப்பு என்று தெரிந்து அதை எடுக்காமல் இருக்க அவரால் முடியாது. ஆபத்து எடுப்பவருக்கு, முடிவு அழைப்பவருக்கு. விதி என்று சொல்லும் துணிவு அழைப்பவரிடம் இருந்தால், அது இன்னொருவர் உயிரை வைத்துக் காட்டும் துணிவு.

இதற்கு வரலாற்றில் ஒப்பு உண்டு. ஐரோப்பாவில் இடியை விரட்டும் என்று நம்பிப் புயலில் தேவாலய மணியை அடிக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. 1784-இல் மியூனிக்கில் வெளியான நூலொன்று, அதற்கு முந்தைய சில பத்தாண்டுகளில் மட்டும் நூறு மணியடிப்போருக்கு மேல் மின்னலால் மாண்டதாகக் கணக்குக் காட்டியது. நம்பிக்கை ஊருக்குப் பொது. நனைந்த கயிற்றைப் பிடித்திருந்தது கூலிக்காரரின் கை. அதே காலத்தில் பிரான்சின் சேன்ட் ஓமெர் நகரில் விசெரி என்பவர் வீட்டுக்கூரையில் இடிதாங்கி நிறுத்தியபோது, அது மின்னலைத் தங்கள் வீடுகளுக்கு இழுக்கும் என்று அயலார் வழக்குத் தொடுத்தனர். 1783-இல் மேல்முறையீட்டில் விசெரிக்காக வாதாடி வென்றவர் பின்னாளில் புரட்சித் தலைவரான ரோபஸ்பியர். அயலாரின் அச்சம் தவறு; ஆனால் ஒருவர் தேடும் பாதுகாப்பு மற்றவருக்கு ஆபத்தாகுமா என்று அவர்கள் கேட்டது சரியான கேள்வி. எர்த் சரியாக இல்லாத காப்புக் கருவி உண்மையிலேயே ஆபத்தை இடம் மாற்றிவிடும்.

மூன்றாமவர் ஒருவரும் உண்டு. மறுநாள் காலையில் கம்பமேறும் லைன்மேன் அவர். வீட்டுக்குள் மின்சார வயரையும் தொலைபேசி வயரையும் ஒரே குழாயில் இழுத்தவர் தெரியாமலேயே அவர் கைக்கு 230 வோல்ட்டை அனுப்பக்கூடும். அவருடைய ஊழைப் பற்றிப் பேச வீட்டுக்காரருக்கு உரிமையில்லை. சட்டமும் ஏறத்தாழ இதையே கொள்கிறது. தெய்வச் செயல் என்ற வாதம், முன்கூட்டி அறிய முடியாததும் தக்க கவனத்தால் தடுக்க முடியாததுமான நிகழ்வுக்கே பொருந்தும். ஆண்டுதோறும் அதே மாதங்களில் வரும் இடிக்கு அது எளிதில் பொருந்தாது.

விதிவிலக்கும் வரிசையும்

எந்த நேரத்திலும் தொடவே கூடாது என்று விலக்கினால் தொலைபேசி வைத்ததே பொருளற்றுப் போகும். லைன் வீட்டின்மேல் மண் சரிந்திருக்கும்போது 108-ஐ அழைக்க வேறு கருவி இல்லையென்றால், இடி முழங்கினாலும் அழைக்கத்தான் வேண்டும். அப்போது ஏற்கும் ஆபத்து, பிறர் உயிருக்காக அறிந்தே ஏற்பது. இலைக் கணக்குக்காக ஏற்றதன்று. அதையும் கவனத்தோடு செய்யலாம்: உலர்ந்த மரப்பலகையில் நின்று, சுவரையும் இரும்பையும் தொடாமல், ஸ்பீக்கர் வசதி இருந்தால் ரிசீவரைக் காதுக்குக் கொண்டுபோகாமல், இடமும் தேவையும் சொல்லி உடனே முடிக்க வேண்டும். இந்த வேலையை அடிமட்டப் பணியாளரிடம் ஏவாமல், அழைக்க முடிவு செய்தவரே செய்வது முறை.

தொலைபேசியை மட்டும் காத்துவிட்டால் கடமை முடிந்ததாகாது. இந்தியாவில் ஆண்டுதோறும் மின்னலால் இறப்போர் 2,000-க்கு மேல். அவர்களில் மிகப் பலர் திறந்த வெளியிலும் மரத்தடியிலும் இருந்தவர்கள். அலுவலகத்தில் காப்புக் கருவி பொருத்திய தோட்டம், இடி கேட்டதும் கொழுந்து பறிப்பவர்களைச் சரிவிலிருந்தும் சில்வர் ஓக் நிழலிலிருந்தும் கட்டடத்துக்குள் அழைக்கவில்லை என்றால், அது காத்தது கருவியைத்தான்.

செம்புக் கம்பியின் இடத்தில் இப்போது கண்ணாடி இழை வந்துகொண்டிருக்கிறது. இழை மின்சாரத்தைக் கடத்தாது; ஆனால் தொங்கும் இழைக் கேபிளுக்குள் தாங்குவதற்கென்று எஃகுக் கம்பி இருக்கக்கூடும், வீட்டிலுள்ள மோடம் மின்சார இணைப்பில் மாட்டியிருக்கும். அதனோடு இணைத்த மேசைத் தொலைபேசியும் இடிநேரத்தில் தொடத்தக்கதன்று. மின்சாரம் போனால் பேட்டரியின்றி அது பேசாது. எனவே பொறுப்பின் வரிசை மாறவில்லை. நிறுவுபவர் எர்த்தும் இடைவெளியும் சரிபார்க்க வேண்டும். முதலாளியோ வீட்டுக்காரரோ இடிக்கு முன் பிளக்கைக் கழற்றச் சொல்லி, அந்நேரத்து அழைப்பை எடுக்காதவரைக் கடிந்துகொள்ளாதிருக்க வேண்டும். அழைப்பவர் மறுமுனையில் இடி கேட்டால் தாமே பேச்சை முடிக்க வேண்டும். இவற்றைச் செய்த பிறகும் நேர்வது ஊழ் என்று சொல்லத்தக்கது.